ரைட்டர் மேல் தப்பில்லை: ஒரு ஸ்டுடியோ கம்ப்யூட்டரும் 23 நிமிட டிவிடியும்

2010 ஆடி மாதம். நாகப்பட்டினத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றிலிருந்து போன். "தம்பி, டிவிடி ஒண்ணு ரைட் ஆவ இருவது நிமிஷத்துக்கு மேல ஆவுது. ஃபார்மட் அடிச்சாச்சு, ரைட்டரையும் மாத்தியாச்சு. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க." ஆடியில் முகூர்த்தம் கிடையாது, அவருக்கும் அவகாசம் இருந்தது. ஆவணி பிறந்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரை யாரையும் தொட விடமாட்டார்.

இருபது நிமிடம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு டிஸ்க்: ஒன்றில் பெண் அழைப்பும் வரவேற்பும், மற்றதில் முகூர்த்தம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, தாய்மாமன், வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா என்று ஐந்து செட். ஆக மொத்தம் பத்து டிஸ்க். நான் போன அன்று ஒரு டிஸ்க் முடிய 23 நிமிடம் 20 நொடி ஆனது. பத்து டிஸ்க்குக்கு கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் மவுஸ் நொண்டி நொண்டித்தான் நகரும், எடிட்டிங் வேலை எதுவும் நடக்காது. அவருடைய உண்மையான நஷ்டம் அதுதான்.

கம்ப்யூட்டர் அப்போதே பழையது. பென்டியம் 4, 2.8 ஜிகாஹெர்ட்ஸ், இன்டெல் 865 சிப்செட் மதர்போர்டு, 512 எம்பி ரேம், 80 ஜிபி ஐடிஇ ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. மினி டிவி டேப்பிலிருந்து வீடியோவை இறக்க ஒரு ஃபயர்வயர் கார்டு. ஒரு மணி நேர டேப் ஹார்டு டிஸ்க்கில் 13 ஜிபி பிடிக்கும். அதனால் அந்த 80 ஜிபி எப்போதும் தளும்பிக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு முன் நடந்தது

அவரிடம் வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். வைகாசியில்தான் முதலில் மெதுவானது. உள்ளூரில் ஒருவர் வந்து எக்ஸ்பியை ஃபார்மட் அடித்துப் போட்டார். ஒரு வாரம் ஜோராக ஓடியது, பிறகு பழைய கதை. ரைட் பண்ணும் சாஃப்ட்வேரை மாற்றினார்கள், பயனில்லை. வேறு கம்பெனி டிஸ்க் டப்பா வாங்கினார்கள், அதிலும் பயனில்லை. ஆனியில் ரைட்டர் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புதிது போட்டார்கள். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் அதுவும் படுத்துக்கொண்டது.

"புதுசும் டூப்ளிகேட் சரக்குதான் போல" என்றார் ஸ்டுடியோக்காரர்.

இந்த வரலாற்றில்தான் முழு விடையும் இருந்தது. ஃபார்மட் அடித்தால் ஒரு வாரம் சரியாகிறது, ரைட்டரை மாற்றினால் இரண்டு வாரம் சரியாகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மருந்தும் கொஞ்ச நாள் குணம் காட்டுகின்றன என்றால், இரண்டும் நோயைத் தொடவில்லை, நோயின் கணக்குப் புத்தகத்தை மட்டும் கிழித்துப் போட்டிருக்கின்றன என்று அர்த்தம். ஆனால் அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. நானும் ஒரு முட்டாள்தனத்தில்தான் ஆரம்பித்தேன்.

ஹார்டு டிஸ்க்கில் இரண்டு சதவீதம்கூடக் காலியிடம் இல்லை. பார்த்ததும், கோப்புகள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன, ஹார்டு டிஸ்க் படித்துக் கொடுக்கத் திணறுகிறது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பழைய டேப் கோப்புகளை அழிக்கச் சொல்லி, சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கை ஓடவிட்டு, இரண்டு டீ குடித்து, ஒன்றரை மணி நேரம் போக்கினேன். அடுத்த டிஸ்க் 23 நிமிடம் 5 நொடி. பதினைந்து நொடி லாபம்! அவர் ஒன்றும் சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஒரு தடவை பார்த்தார்.

சம்ப், மோட்டார், மேல்தொட்டி

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக அளக்க உட்கார்ந்தேன். டிவிடியில் 1எக்ஸ் என்பது வினாடிக்கு 1.385 எம்பி. சிடியின் 1எக்ஸ் வெறும் 150 கேபி, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் ரைட் பண்ணிய ஐஎஸ்ஓ கோப்பு (ஒரு டிஸ்க்கின் மொத்தச் சரக்கும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) ஏறத்தாழ 430 கோடி பைட். அதை 1,400 நொடியால் வகுத்தால் வினாடிக்கு 3 எம்பி சொச்சம், அதாவது 2.2எக்ஸ். சாஃப்ட்வேரில் அவர் தேர்ந்தெடுத்திருந்தது 8எக்ஸ், அதற்கு வினாடிக்கு 11 எம்பி வேண்டும். நாலில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. மீதி எங்கே தடைபடுகிறது?

நான் பயன்படுத்தியது இம்க்பர்ன். இலவசம், இந்த வேலைக்கு அதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. ரைட் ஆகும்போது அதன் திரையில் இரண்டு பட்டைகள் ஓடும். ஒன்று கம்ப்யூட்டரின் ரேமில் அந்த சாஃப்ட்வேர் வைத்திருக்கும் பஃபர், அதாவது தரவைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் இடம். இன்னொன்று ரைட்டருக்குள்ளேயே இருக்கும் பஃபர், பெரும்பாலான டிவிடி ரைட்டர்களில் அது 2 எம்பிதான். முக்கால்வாசிப் பேர் அந்தப் பட்டைகளை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நம் வீட்டுத் தண்ணீர் ஏற்பாட்டை நினைத்துக்கொண்டால் புரியும். முனிசிபாலிட்டித் தண்ணீர் சம்ப்பில் விழுகிறது, மோட்டார் அதைக் குழாய் வழியாக மேல்தொட்டிக்கு ஏற்றுகிறது, அங்கிருந்து பாத்ரூம் குழாயில் வருகிறது. ஹார்டு டிஸ்க்தான் முனிசிபாலிட்டி. சாஃப்ட்வேரின் பஃபர் சம்ப். மோட்டாரும் குழாயும்தான் டிரைவ்களை மதர்போர்டோடு இணைக்கும் ஐடிஇ சேனலும் கேபிளும். ரைட்டரின் 2 எம்பி பஃபர் மேல்தொட்டி. லேசர்தான் பாத்ரூம் குழாய். சம்ப் வறண்டு கிடந்தால் முனிசிபாலிட்டியைத் திட்டலாம், அதாவது ஹார்டு டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். சம்ப் நிரம்பி வழிந்தும் மேல்தொட்டி காலியாக இருந்தால் மோட்டாரிலோ குழாயிலோ கோளாறு. இரண்டும் நிரம்பியிருந்தும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்தால் பாத்ரூம் குழாயின் வாய்தான் சிறிது: ரைட்டரோ டிஸ்க்கோ தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டரில் சம்ப் நூறு சதவீதத்தில் அசையாமல் நின்றது. மேல்தொட்டி கீழே விழுவதும் எழுவதுமாகத் துடித்துக்கொண்டிருந்தது. முதல் டிஸ்க்கிலேயே இதைக் கவனித்திருந்தால் ஒன்றரை மணி நேர டிஃப்ராக்கும் இரண்டு டீயும் மிச்சம்.

8எக்ஸ் வேகத்தில் 2 எம்பி பஃபர் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்துக்குக்கூடத் தாங்காது. காலியானதும் ரைட்டர் லேசரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும், பஃபர் நிரம்பியதும் விட்ட இடத்தைத் தேடிப் பிடித்துத் தொடரும். 2000-இல் சான்யோ கொண்டுவந்த பர்ன்-ப்ரூஃப் நுட்பத்துக்குப் பிறகு எல்லா ரைட்டரிலும் ஏதோ ஒரு பெயரில் இந்த ஏற்பாடு உண்டு. அதற்கு முன்பு பஃபர் ஒரு முறை காலியானால் டிஸ்க்கே குப்பைக்குப் போகும். இன்றைக்கு டிஸ்க் பிழைக்கிறது, நேரம்தான் போகிறது. நல்லதுதான், ஆனால் கோளாறை மூடி மறைப்பதும் இதே நல்லதுதான். பழைய காலமாக இருந்தால் மூன்று டிஸ்க் வீணானவுடனேயே யாராவது கேபினட்டைத் திறந்திருப்பார்கள்.

பேச்சுவாக்கில் அவர் இன்னொன்றும் சொன்னார்: வைகாசியில் கொடுத்த டிஸ்க்குகளில் சில, வாடிக்கையாளர் வீட்டு பிளேயரில் நடுநடுவே நின்று நின்று ஓடுகின்றனவாம். ஒரு வீட்டில் நலங்கு வைக்கும் இடத்திலேயே உறைந்துவிட்டதாம். ஒவ்வொரு தடவை லேசர் நின்று தொடங்கும் இடத்திலும் டிஸ்க்கில் ஒரு ஒட்டு விழுகிறது. நல்ல பிளேயர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடும். லென்ஸ் தேய்ந்த பழைய பிளேயர் நூற்றுக்கணக்கான ஒட்டுகளில் எதிலாவது தடுக்கி விழுந்தால் ஆச்சரியமில்லை. அதை நான் பிரித்துச் சோதிக்கவில்லை. ஆனால் சேனல் சரியான பிறகு போட்ட டிஸ்க்குகளில் அந்தப் புகார் வரவில்லை.

மோட்டார் எதில் ஓடுகிறது

குழாயில் கோளாறு என்று தெரிந்துவிட்டால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ கன்ட்ரோலர்கள் பகுதியைத் திறந்து, செகண்டரி ஐடிஇ சேனலின் (ரைட்டர் மாட்டியிருந்தது அதில்தான்) அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். அங்கே 'கிடைத்தால் டிஎம்ஏ' என்றுதான் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, 'இப்போதைய மோட்' என்ற இடத்தில் பிஐஓ மோட் என்று இருந்தது. மேலே இருப்பது நம் விருப்பம், கீழே இருப்பது நிலவரம். மேல்வரியை மட்டும் பார்த்து 'டிஎம்ஏ ஆன்லதான் இருக்கு' என்று மூடிவிட்டுப் போனவர்கள் பலர்.

பிஐஓ என்றால் முதலாளியே மூட்டை தூக்குவது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ரேமுக்கு வந்த தரவை, ரைட்டருக்கு இரண்டிரண்டு பைட்டாக பிராசசரே எடுத்துக் கொடுக்கிறது. அந்த ஒரு டிவிடிக்கு 215 கோடி தடவை. டிஎம்ஏ என்றால் 'இந்த இடத்திலிருந்து இத்தனை மூட்டை அங்கே போகட்டும்' என்று பிராசசர் சீட்டெழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம், மூட்டையைக் கன்ட்ரோலர் தூக்கிக்கொள்ளும். மவுஸ் நொண்டியதற்கும் இதுதான் காரணம். டாஸ்க் மேனேஜரில் கெர்னல் நேரத்தை, அதாவது விண்டோஸின் உள்வேலைக்கே பிராசசர் செலவிடும் நேரத்தை, காட்டச் சொன்னபோது சிவப்புக் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கீழே பட்டியலில் எந்த புரோகிராமும் அந்த அளவு உழைப்பதாகத் தெரியவில்லை. பட்டியலில் பெயர் வராத உழைப்பு.

காகிதத்தில் பார்த்தால் பிஐஓ மோட் 4 வினாடிக்கு 16.7 எம்பி கொடுக்க வேண்டும். 8எக்ஸுக்கு 11 போதும்தானே என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிளில் மின்துடிப்பு போகக்கூடிய உச்ச வேகம் அது. பிராசசர் ஒவ்வொரு தடவையும் நின்று, பார்த்து, எடுத்துக் கொடுக்கும் வேகம் அதுவல்ல. நீரோ என்ற ரைட் பண்ணும் சாஃப்ட்வேருடன் அப்போது வந்த சிடி-டிவிடி ஸ்பீடு என்ற கருவியில் பர்ஸ்ட் வேகம், அதாவது கேபிளில் தரவு உண்மையில் போகும் வேகம், அளந்தேன்: 3 எம்பியைக் கொஞ்சம் தாண்டியது. நாம் வகுத்துக் கண்டுபிடித்த அதே எண்.

சேனலை டிவைஸ் மேனேஜரிலிருந்து அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினேன். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து, இன்னொரு ரீஸ்டார்ட் கேட்டது. இப்போது அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2. பர்ஸ்ட் வேகம் 24 எம்பி. டிவிடி முடிந்த நேரம் 8 நிமிடம் 25 நொடி. மவுஸ் வெண்ணெயாக ஓடியது.

"அவ்வளவுதானா தம்பி?" என்றார் அண்ணன், பணம் எடுக்கப் பையில் கையை விட்டபடி. அவ்வளவுதான் என்று சொல்லியிருந்தால் நான் மூன்றாவது ஆளாக ஆகியிருப்பேன்: முதல் ஆள் ஃபார்மட் அடித்தவர், இரண்டாவது ஆள் ரைட்டர் மாற்றியவர். "பையை மூடுங்கண்ணே, இன்னும் முடியல" என்றேன்.

ஆறு தடவை கணக்கு

எக்ஸ்பி ஒரு டிரைவை ஏன் பிஐஓவுக்கு இறக்குகிறது என்பதற்குத் தெளிவான விதி இருக்கிறது. அல்ட்ரா டிஎம்ஏவில் கேபிள் வழியாகப் போகும் ஒவ்வொரு தரவுக் கட்டோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. இரு முனையிலும் எண் பொருந்தாவிட்டால் பிழை. டிரைவ் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டாலும் பிழை. இப்படி மொத்தம் ஆறு சேர்ந்தால் எக்ஸ்பி அந்த டிரைவை ஒரு படி மெதுவான மோடுக்கு இறக்கும். பிழை தொடர்ந்தால் இன்னும் ஒரு படி. கடைசிப் படி பிஐஓ. ஆறும் ஒரே நாளில் வர வேண்டும் என்பதில்லை. மாதத்துக்கு ஒன்றாக வந்தாலும் கூட்டிக்கொண்டே போகும். இறக்கியபின் தானாக மேலே ஏற்றவும் செய்யாது.

இந்தக் கணக்கை எக்ஸ்பி, தன் செட்டிங்ஸை எல்லாம் எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், அந்தச் சேனலின் பெயரில் வைத்துக்கொள்கிறது. கூடவே அங்கே மாட்டியிருக்கும் டிரைவின் அடையாளத்திலிருந்து கணக்கிட்ட ஒரு எண்ணும், அதாவது செக்சம்மும், இருக்கும். வேறு டிரைவை மாட்டினால் செக்சம் பொருந்தாது, உடனே கணக்கைப் புதிதாகத் தொடங்கும். வைகாசி, ஆனி இரண்டு மாதப் புதிரும் இங்கே அவிழ்ந்துவிட்டது. ஃபார்மட் அடித்தபோது ரெஜிஸ்ட்ரியே புதிது, கணக்கு பூஜ்யம். புது ரைட்டர் மாட்டியபோது செக்சம் மாறியது, கணக்கு மறுபடியும் பூஜ்யம். சேனலை நான் அன்இன்ஸ்டால் பண்ணியதும் அதே வேலைதான். பிழைகளை உற்பத்தி செய்யும் இடம் இரண்டு மாதமாக அப்படியே இருந்தது.

எக்ஸ்பி பதிந்து வைத்த பிழைகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். சிஸ்டம் பட்டியலில், அட்டாப்பி (ஐடிஇ சேனல்களை ஓட்டும் எக்ஸ்பியின் டிரைவர்) என்ற பெயரில், ஐடிஇ போர்ட் 1-இல், அதாவது அந்த செகண்டரி சேனலில், பேரிட்டி பிழை என்று வரிசையாக. சரிபார்ப்பு எண் பொருந்தாததைத்தான் அது இந்தப் பெயரில் எழுதுகிறது. நடுநடுவே அதே போர்ட் நேரத்துக்குள் பதில் சொல்லவில்லை என்ற புகார்கள். ஃபார்மட்டுக்கு ஒரு வாரம் கழித்து முப்பதுக்கு மேற்பட்ட பதிவுகள் ஒரே கொத்தாக, பிறகு அமைதி. புது ரைட்டர் போட்ட இரண்டாவது வாரத்தில் இன்னொரு கொத்து, மறுபடியும் அமைதி. அமைதியைப் பார்த்து ஏமாறக் கூடாது. அந்தச் சரிபார்ப்பு எண் அல்ட்ரா டிஎம்ஏவில் மட்டும்தான் உண்டு. பிஐஓவுக்கு இறங்கியபின் கேபிளில் எண்ணைச் சரிபார்க்க ஆளே இல்லை, பிறகு யார் புகார் எழுதுவது?

பேரிட்டி பிழை அதிகம், பதில் சொல்லாத பிழை குறைவு. டிஸ்க்கைப் படிக்கத் திணறும் டிரைவாக இருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். சரிபார்ப்பு எண் தவறுவது வழியில் நடக்கும் சேதம். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

கேபினட்டுக்குள்

உள்ளே இருந்தது பழைய 40 கம்பி ரிப்பன் கேபிள், அளந்தால் 60 சென்டிமீட்டர். ஐடிஇ கேபிளுக்கு விதித்த நீளம் 18 அங்குலம், அதாவது 46 சென்டிமீட்டருக்குள். டவர் கேபினட்டுக்கு எட்டவில்லை என்று கடைகளில் நீளக் கேபிள் கேட்டு வாங்குவதும், கடைக்காரர் கொடுப்பதும் அன்றைக்கு சகஜம். மிச்ச நீளத்தை மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் மின்கம்பிக் கொத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் கேபிள் வெளிறியிருந்தது.

அதைவிட மோசமானது இன்னொன்று. முன்பு அதே கேபிளில் ஒரு சிடி ரோமும் இருந்திருக்கிறது. அது செத்தபின் கழற்றிப் போட்டுவிட்டார்கள். ரைட்டர் மட்டும் நடு கனெக்டரில் நின்றது, கடைசி கனெக்டர் வெறுமனே தொங்கியது. கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதுபோல, ஒன்றிலும் முடியாமல் தொங்கும் முனையில் மின்துடிப்பு மோதித் திரும்பி, பின்னால் வரும் துடிப்போடு கலந்துவிடும். ஒற்றை டிரைவ் இருந்தால் அது கேபிளின் கடைசியில்தான் இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ரைட்டர் மாற்றியவர் பழையதை நடு கனெக்டரிலிருந்து பிடுங்கிப் புதியதை அதே நடு கனெக்டரில் சொருகியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கேபினட் சுவரோரம் ஒட்டிக் கிடக்கிறது, கைநுழைய இடமில்லை, அவசரம் வேறு.

கனெக்டரைக் கழற்றியபோது பின்கள் மங்கிப் போயிருந்தன. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஆனாலும் இந்தக் கேஸில் உப்புக்காற்றை நான் துணைக் குற்றவாளியாகத்தான் வைப்பேன். நீளமும் மடிப்பும் தொங்கிய முனையும்தான் முதல் குற்றவாளிகள்.

புதிதாகப் போட்டது 80 கம்பி கேபிள், 45 சென்டிமீட்டர். பின்கள் அதே 40தான், கூடுதல் 40 கம்பிகளும் ஒவ்வொரு சிக்னல் கம்பிக்கும் நடுவே ஓடும் தரைக் கம்பிகள், பக்கத்துக் கம்பியின் இரைச்சலைத் தடுப்பதற்கு. நீல முனை மதர்போர்டுக்கு, கருப்பு முனை ரைட்டருக்கு, ஜம்பர் மாஸ்டரில். சாம்பல் நிற நடு கனெக்டர் சும்மா இருக்கட்டும். 45 சென்டிமீட்டர் எட்டுவதற்காக ரைட்டரைக் கேபினட்டில் ஒரு அறை கீழே இறக்கி மாட்டினேன். மின்கம்பிக் கொத்தைத் தனியாகப் பிரித்துக் கட்டினேன்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அல்ட்ரா டிஎம்ஏ மோட் 4 வந்தது. 40 கம்பிக் கேபிள் இருந்தால் மோட் 2-ஐத் தாண்ட விடாமல் சிஸ்டமே நிறுத்திக்கொள்ளும். 8எக்ஸ் ரைட்டுக்கு மோட் 2-ம் தாராளம்தான். அதனால் நேரத்தில் மாற்றமில்லை: 8 நிமிடம் 20 நொடி. மேஜைக்கடியில் தூசி படிந்து கிடந்த பழைய ரைட்டரையும் எடுத்து, ஆர்வத்துக்கு மாட்டிப் பார்த்தேன். 8 நிமிடம் 40 நொடி. அதை அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொல்லிவிட்டேன். "அப்ப ஆயிரத்துச் சொச்சம் தெண்டமா?" என்றார். கேபிள் விலை எண்பது ரூபாய்.

மிச்சமிருந்த இரண்டு

இதோடு முடியவில்லை. ஆனியில் வாங்கிய டிஸ்க் டப்பாவில் பாதி மீதியிருந்தது. அதிலிருந்து ஒன்றைப் போட்டால் 8எக்ஸ் கேட்டாலும் 4எக்ஸிலேயே ரைட் ஆனது, கால் மணி நேரம். இந்தத் தடவை நான் முதலில் பட்டைகளைப் பார்த்தேன். சம்ப், மேல்தொட்டி இரண்டும் நிரம்பி அமைதியாக நின்றன. அப்படியென்றால் வாய் சிறிது.

வெற்று டிஸ்க்கில் அதைத் தயாரித்த ஆலையின் குறியீடு ஒன்று முன்கூட்டியே பொறிக்கப்பட்டிருக்கும். ரைட்டர் முதலில் அதைப் படித்து, தன் ஃபர்ம்வேரில் (ரைட்டருக்குள்ளேயே பதிந்திருக்கும் சாஃப்ட்வேர்) இருக்கும் பட்டியலில் தேடும். இருந்தால், இந்த டிஸ்க்கின் சாயத்துக்கு லேசர் எவ்வளவு பலமாக, எந்தத் தாளத்தில் அடிக்க வேண்டும் என்ற சூத்திரம் அங்கே கிடைக்கும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் தெரியாத ஊர்ப் பாதையில் வண்டி ஓட்டுவதுபோல மெதுவாகவே போகும். டப்பாவின் மேல் 16எக்ஸ் என்று அச்சடித்திருப்பதை ரைட்டர் படிப்பதில்லை, குறியீட்டைத்தான் படிக்கிறது. டப்பாவில் இருக்கும் பெயர் ஒன்று, குறியீட்டில் இருக்கும் ஆலை வேறொன்று என்பதும் சகஜம், விற்பவர் எல்லாரும் தயாரிப்பவர் அல்ல. ரைட்டர் கம்பெனியின் புது ஃபர்ம்வேரைப் போட்டால் சில சமயம் பட்டியல் வளரும். ஆனால் நடுவில் கரண்ட் போனால் ரைட்டரே போய்விடும். அந்த நாட்களின் பவர்கட்டை நினைத்து நான் அதில் கைவைக்கவில்லை. அந்த டப்பாவை சொந்த பேக்கப்புக்கு வைத்துக்கொண்டு, வாடிக்கையாளருக்குப் பழைய டப்பா ரகத்தையே வாங்கச் சொன்னேன்.

வேகத்தைப் பற்றி அவர் ஒன்று கேட்டார்: ரைட்டர் 16எக்ஸ் தாங்குமே, ஏன் எட்டோடு நிற்க வேண்டும்? 16எக்ஸ் என்பது டிஸ்க்கின் வெளி விளிம்பை எட்டும்போது மட்டும் வரும் வேகம். உள் விளிம்பில் ஆறரை எக்ஸ் மாதிரிதான் ஆரம்பிக்கும். அதனால் 16எக்ஸில் போட்டால் நேரம் பாதியாகாது, ஆறு நிமிடத்துக்குப் பக்கத்தில் வரும். இரண்டரை நிமிட லாபத்துக்காக, வெளி விளிம்பில் அவசர அவசரமாக எழுதிய டிஸ்க்கைக் கல்யாண வீட்டுக்குக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாலி கட்டுவது டிஸ்க்கின் கடைசிப் பக்கத்தில்தானே வருகிறது. எட்டே போதும் என்றேன்.

இரண்டாவது, ஆல்பம் போட்டோக்கள். மூவாயிரம் ஜேபெக் கோப்புகளை ஃபோல்டரிலிருந்து நேராக ரைட் பண்ணும்போது மட்டும் சம்ப் சரிந்தது. சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடித் தேடி எடுப்பதில் ஹார்டு டிஸ்க்கின் நேரம் போய்விடுகிறது. என்னுடைய டிஃப்ராக் பிரதாபத்துக்கு உரிய இடம் இதுதான், தப்பான நேரத்தில் செய்துவிட்டேன். முதலில் ஐஎஸ்ஓவாகச் செய்துகொண்டு பிறகு ரைட் பண்ணச் சொன்னேன். ஐந்து காப்பி போடுபவருக்கு ஐஎஸ்ஓ செய்யும் நேரம் ஒரு தடவைதான்.

விட்டு வந்தது

கிளம்புமுன் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பதிவைச் சேர்த்தேன். ஒரு வேலை பிழையில்லாமல் முடிந்தால் அந்த ஆறு தடவைக் கணக்கைத் திரும்பப் பூஜ்யமாக்கச் சொல்லும் பதிவு அது. எப்போதாவது வரும் ஒரு பிழை மாதக்கணக்கில் சேர்ந்து டிரைவைக் கீழே தள்ளாமல் இருக்க இது உதவும். கேபிளை மாற்றாமல் இதை மட்டும் போட்டுவிட்டுப் போவது வேறு கதை, கணக்குப்பிள்ளையின் வாயை அடைப்பதற்குச் சமம்.

கூடவே ஒரு வேண்டுகோளும் வைத்தேன். வாடிக்கையாளர் கொண்டுவரும் கீறல் விழுந்த பழைய விசிடிகளை இந்த ரைட்டரில் போட்டு இழுக்காதீர்கள், டிரைவ் படிக்கத் திணறிப் பதில் சொல்லாமல் இருந்தால் அந்தப் பிழையும் அதே கணக்கில் ஏறும். காப்பி எடுப்பதற்கு முன்னறையில் பில் போடும் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அதில் எடுங்கள். சரி சரி என்றார்.

ஆவணி கடைசியில் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். டிஸ்க் ஒவ்வொன்றும் முடிந்த நேரத்தை அட்டைப்பெட்டியின் மேல் பேனாவால் எழுதி வைத்திருந்தார்: எட்டரை, எட்டு இருபது, எட்டரை. சேனல் மோட் 4-இலேயே நின்றது. ஈவென்ட் வியூவரில் பேரிட்டி பிழை ஒன்றுகூட இல்லை. நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று மட்டும் இரண்டு பதிவுகள், இரண்டும் ஒரே நாள் மத்தியானம், ஐந்து நிமிட இடைவெளியில்.

மேஜையில் விளிம்பு உடைந்த விசிடி ஒன்று கிடந்தது. யாருடைய காதணி விழாவோ. நான் அதைப் பார்த்தேன், அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "டீ சொல்லட்டுமா தம்பி?" என்றார்.